பணம் பிள்ளையோடு போனால் தமிழ் வகுப்பு எங்கே போகும்?

அவையில் கூடியிருக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

சிங்கப்பூர் அரசாங்கம் குடும்பங்களுக்குச் செலவுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டு நம் எல்லார் கைத்தொலைபேசியிலும் இருக்கிறது. தேக்கா ஈரச்சந்தையில் மீன் வாங்கலாம், புளோக்குக்குக் கீழே முடிவெட்டிக்கொள்ளலாம். பணம் அரசாங்கத்துடையது, கடையைத் தேர்வது நாம். பள்ளிக்கும் இப்படி ஒரு சீட்டு கொடுத்தால் என்ன என்று 1955இல் எழுதினார் அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன். பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறதோ அங்கே பணம் போகும். பிள்ளைகளை இழக்கும் பள்ளி திருந்தும், இல்லையென்றால் மூடும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மீன்கடைக்காரர் யார் வந்தாலும் அதே மீனைத்தான் விற்கிறார். பள்ளியின் சரக்கில் பாதி, அங்கே படிக்கும் மற்றப் பிள்ளைகள். கெட்டிக்காரர்களை மட்டும் சேர்த்துக்கொண்டால் செலவு குறையும், தேர்ச்சி கூடும், பெயரும் வரும். கற்பித்தலைத் திருத்துவதைவிட மாணவரைப் பொறுக்குவது எளிது. இதைத் தடுக்காத திட்டம் அந்தப் பக்கமே சரியும்.

சிலியில் அதுதான் நடந்தது. 1981இல் இராணுவ ஆட்சி அரசுப் பள்ளிகளை நகராட்சிகளிடம் ஒப்படைத்தது. வருகைப் பதிவேட்டின்படி தலைக்கு இவ்வளவு என்று மானியம்; தனியார் பள்ளிக்கும் அதே தொகை. நகராட்சிப் பள்ளி வருகிற பிள்ளையைச் சேர்க்கவேண்டும். தனியார் பள்ளியோ தேர்வு வைக்கலாம், பெற்றோரை நேர்காணலுக்கு அழைக்கலாம், பிடிக்காவிட்டால் அனுப்பிவிடலாம். 1993இல் மானியத்துக்கு மேல் கட்டணம் வாங்கவும் பரவலாக வழி திறந்தார்கள். வசதியுள்ள குடும்பங்கள் படிப்படியாக விலகின; ஏழைப் பிள்ளைகள் நகராட்சிப் பள்ளிகளில் தேங்கினார்கள். ஷியே, உர்கியோலா என்ற இரு பொருளியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தரவாரியாகப் பிரிந்தது தெரிந்தது. நாட்டின் சராசரித் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. அதன்பிறகுதான் திருத்தங்கள் வந்தன. 2008இல் ஏழைப் பிள்ளைக்குக் கூடுதல் மானியம். 2015இல் மாணவரைப் பொறுக்குவது, கூடுதல் கட்டணம், இலாபம் மூன்றையும் படிப்படியாக நிறுத்தச் சட்டம். முதல் நாளே போட்டிருக்கவேண்டிய பூட்டு, 34 ஆண்டு கழித்து வந்தது.

சுவீடன் 1992இல் இதே வழியில் இறங்கியது. அங்கே கூடுதல் கட்டணம் கிடையாது, இலாபத்துக்குத் தடையில்லை. 2013இல் ஜேபி எஜுகேஷன் என்ற நிறுவனம் நொடித்துப்போனபோது ஏறத்தாழ 10,000 மாணவர்கள் வேறு பள்ளியோ புது நிர்வாகமோ தேடவேண்டியதாயிற்று. மீன்கடை மூடினால் பக்கத்துக் கடைக்குப் போகலாம். உயர்நிலைப்பள்ளிப் படிப்பு நடுவில் நின்றால் அந்த ஆண்டு திரும்பி வராது.

நமக்குப் பள்ளிப் பற்றுச்சீட்டு இல்லை. போட்டி மட்டும் பழக்கம்தான். 1992 முதல் உயர்நிலைப்பள்ளிகளை வரிசைப்படுத்தி வெளியிட்டோம். 2012இல் அந்த முறையை அடியோடு கைவிட்டோம். அந்த ஆண்டுகளில் ஆங்கில இலக்கியம் எடுத்த மாணவர் தொகை வெகுவாகச் சரிந்தது. உயர்ந்த மதிப்பெண் எடுப்பது கடினமான பாடம், பட்டியலில் பள்ளியின் இடத்தைக் கெடுக்கும் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். எதை அளக்கிறோமோ அதற்காகத்தான் பள்ளி ஓடும்.

பற்றுச்சீட்டுக்கு நம்மிடம் மிக நெருக்கமானது பாலர் பராமரிப்பு மானியம். வேலை பார்க்கும் தாயின் பிள்ளைக்கு முழுநாள் பராமரிப்புக்கு மாதம் 300 வெள்ளி அடிப்படை மானியம் பிள்ளையோடு நகர்கிறது. வருமானம் குறைந்த குடும்பத்துக்கு மேலும் உண்டு. அரசாங்க ஆதரவு பெறும் நிலையங்களுக்குக் கட்டண வரம்பும் உண்டு. மானியத்தை உயர்த்தி வரம்பு வைக்காவிட்டால், நிலையம் கட்டணத்தை ஏற்றி அந்தப் பணத்தை விழுங்கிவிடும். இதைச் சரியாகவே செய்திருக்கிறோம். ஆனால் தமிழ்?

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நிலையத்தில் பிள்ளைக்கு 600 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 40 பேர் 24,000 வெள்ளி கொண்டுவருவார்கள். ஐந்து பேர் விலகினால் 3,000 போகும். ஆசிரியர் சம்பளமோ மின்கட்டணமோ எட்டில் ஒரு பங்கு குறையாது. அப்போது நிர்வாகம் கைவைப்பது ஆள் குறைந்த வகுப்பில்தான். ஆறு பேர் தமிழ் படித்தாலும் அறுபது பேர் படித்தாலும் ஆசிரியர் ஒருவர் வேண்டும். தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் சிறுபான்மை மொழி எப்போதும் நட்டம்தான்.

இது நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1956இல் அனைத்துக் கட்சிக் குழு நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்தப் பரிந்துரைத்தது. பெற்றோர் வேலைவாய்ப்பைப் பார்த்து ஆங்கிலப் பள்ளிகளை நாடினார்கள். உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. எந்தப் பெற்றோரையும் குறைசொல்ல முடியாது. தனித்தனியே எல்லாரும் தங்கள் பிள்ளைக்கு நல்லதைத்தான் செய்தார்கள். பிறகு அதே பெயரில் தமிழ்மொழி நிலையம் வந்தது. தமிழ் வகுப்பு நடத்தப் போதிய பிள்ளைகள் இல்லாத பள்ளிகளின் மாணவர்கள் இன்று பீட்டி ரோட்டில் ஒரே கூரையின்கீழ் படிக்கிறார்கள். பள்ளிகள் போட்டியிட்டு அதைக் கொடுக்கவில்லை. பல பள்ளிகளின் பிள்ளைகளை ஓரிடத்தில் ஒன்றுசேர்த்ததால் கிடைத்தது.

பாலர் பள்ளிக்கும் அந்த வழிதான் வேண்டும் என்கிறேன். கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளில் சீனம், மலாய், தமிழ் என மூன்று தாய்மொழிகளும் உண்டு. பராமரிப்பு நிலையங்கள் பலவற்றில் தமிழ் இல்லை. தமிழுக்கான பணத்தைத் தலைக்கு என்று கொடுக்காமல் வகுப்புக்கு என்று கொடுங்கள். ஒரே வட்டாரத்தில் உள்ள மூன்று நான்கு நிலையங்கள் ஓர் ஆசிரியரைப் பகிர்ந்துகொள்ளட்டும். காலையில் ஓரிடம், மதியம் ஓரிடம். பெற்றோரும் இடம் கேட்டு எழுதும்போதே தமிழ் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்ணிக்கை இல்லாமல் எந்த நிலையமும் ஆசிரியரைத் தேடாது.