ஈரம் வரும் வழி தெரியாமல் சாந்து குழைக்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

விலைக்கு வரும் பழைய வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நன்றாக வெயிலடிக்கும் ஒரு காலை வேளையில்தான் போகிறார்கள். நான் மழை நாளில் போகச் சொல்வேன். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போனாலும் சரிதான். கட்டட வேலையில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் கருவியோடு நாள் முழுக்கத் தேடுவதை மழை செலவில்லாமல் காட்டிக்கொடுத்துவிடும். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்த இடத்தில் குழாய் வழியாக இறங்காமல் சுவர் வழியாக இறங்குகிறது, எந்த அறைக் கதவைத் திறந்தால் முடை நாற்றம் முகத்தில் அடிக்கிறது என்பதெல்லாம் அன்றைக்குத் தெரிந்துவிடும்.

பழைய வீடுகளில் நான் கண்ட பழுதுகளில் பெரும்பகுதிக்கு மூலம் தண்ணீர்தான். கம்பி துருப்பிடிக்கிறது, மரம் உளுத்துப்போகிறது, பூச்சு உதிர்கிறது, கரையான் ஏறுகிறது, அஸ்திவாரம் ஓரிடத்தில் மட்டும் இறங்குகிறது. எந்தப் பழுதைத் துருவிக்கொண்டு போனாலும் பெரும்பாலும் ஈரத்தில் போய் நிற்கும். ஆனால் நம்மில் பலர் ஈரத்தைக் கண்டதும் செய்வது, கறை படிந்த இடத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசி வண்ணம் அடிப்பது. கறை போய்விடும், ஈரம் அங்கேயே இருக்கும். விற்பனைக்கு வந்த வீட்டில் ஒரே ஒரு சுவர் மட்டும் புது வண்ணத்தில் பளிச்சென்று இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். அங்கேதான் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, சுவரை ஒட்டினாற்போல் ஒளியை ஓடவிட்டுப் பார்ப்பேன். நேர் வெளிச்சத்தில் மறைந்திருக்கும் உப்பலும் ஒட்டுப்போட்ட விளிம்பும் அப்படிப் பார்த்தால் தெரியும்.

சுவரில் ஈரம் கீழிருந்தும் வரலாம், மேலிருந்தும் வரலாம், பக்கவாட்டிலும் வரலாம். கீழிருந்து ஏறும் ஈரத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் வரை சுவர் நிறம் மங்கியிருக்கும். அதன் மேல்விளிம்பில் வளைந்து நெளிந்த ஒரு கோடும், வெள்ளையாகப் பொரிந்த உப்பும் இருக்கும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் செங்கல்லும் சாந்தும் மண்ணின் ஈரத்தை நுண்துளைகள் வழியே மேலே இழுக்கின்றன. நீர் ஆவியாகிவிடுகிறது, அதில் கரைந்து வந்த உப்பு சுவரிலேயே தங்கிப் பூச்சைப் பெயர்க்கிறது. மிகப் பழைய வீடுகள் பலவற்றில் இதைத் தடுக்கச் சுவரின் அடிப்பகுதியில் படுக்கைவாக்கில் வைக்கும் ஓதத் தடுப்பு அடுக்கே கிடையாது. இருக்கும் வீடுகளிலும் வெளியே மண்ணைக் கொட்டி, நடைபாதை போட்டு, பூச்செடிப் பாத்தி கட்டி அந்த அடுக்கையே மூடிவிடுகிறார்கள். ஈரம் அதைத் தாண்டிச் சுகமாக ஏறிவிடுகிறது.

ஆகவே உள்ளே சுவரைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டை வெளியே ஒருமுறை சுற்றி வாருங்கள். வெளி மண்மட்டம் ஓதத் தடுப்பு அடுக்குக்குக் கீழே 15 செ.மீ. ஆவது தாழ்ந்திருக்க வேண்டும். நிலம் வீட்டை நோக்கிச் சரியாமல் வெளிப்பக்கம் சரிய வேண்டும். சுவரிலிருந்து முதல் மூன்று மீட்டர் தூரத்துக்குள் 15 செ.மீ. இறக்கம் இருந்தால் நல்லது. சில வீடுகளில் ஆயிரக்கணக்கில் மருந்து பூசியும் தீராத ஓதம், சுவரோரத்தில் குவிந்திருந்த மண்ணை மண்வெட்டியால் வாரி எடுத்ததும் மட்டுப்பட்டிருக்கிறது. விளம்பரங்களில் மண்வெட்டிக்கு இடமில்லை என்பது வேறு விஷயம்.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்ற குழப்பமும் உண்டு. இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரண்டு சாண் சதுரத்துக்கு அலுமினியத் தாளை வெட்டி, சுவரைத் துணியால் துடைத்துவிட்டு, நான்கு ஓரத்திலும் காற்றுப் புகாமல் ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம், அதாவது அறையைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் அது காற்றிலுள்ள ஈரம். சமையல் ஆவிக்கும் குளியலறை ஆவிக்கும் வெளியேற வழி செய்தால் போதும். தாளைப் பிரித்தபின் சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது.

ஒரு வீட்டில் படுக்கையறைச் சுவரில் தலையணை உயரத்துக்கு ஒரு கறை வந்துகொண்டே இருந்தது. வண்ணம் மாற்றினார்கள், பூச்சு மாற்றினார்கள், வண்ணக்காரரையும் மாற்றினார்கள். கறை தரை வரை இறங்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. கீழிருந்து வரும் ஈரமாக இருந்தால் கறை தரையிலிருந்தே தொடங்கியிருக்கும். சுவருக்கு அந்தப்புறம் குளியலறை. அங்கே குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில், ஓட்டுக்கல்லுக்குப் பின்னால், ஓர் இணைப்பு சொட்டிக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட கள்ளக் கசிவைப் பிடிக்கத் தண்ணீர் மீட்டர் உதவும். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடக் கூடாது. எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. துத்தநாகம் பூசிய பழைய இரும்புக் குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடித்துக் குறுகிக்கொண்டே வரும். காலையில் முதலில் வரும் தண்ணீர் பழுப்பாக இருப்பதும், வேகம் ஆண்டுக்கு ஆண்டு குறைவதும் அதன் அறிகுறிகள். அந்த இரும்போடு செம்புக் குழாயை நேரடியாக இணைக்கவிடாதீர்கள். இரண்டு உலோகங்களும் நீரில் சேரும்போது இரும்பு இன்னும் விரைவாக அரித்துப்போகும். குழாய் மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்து, நாணயத்தால் கீறினால் மெத்தென்று வெள்ளியாக மின்னினால் அது ஈயமாக இருக்கலாம். அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், குழந்தைகளுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

மேலே வருவோம். கூரை ஒழுகும்போது உள்ளே சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஓட்டுக்கூரையில் தண்ணீர் சட்டத்தின் மேல் சறுக்கிக்கொண்டு போய் வேறோர் இடத்தில் விழும். கான்கிரீட் தளத்தில் விரிசலுக்குள் புகுந்து, வேலைப்பாடு பலவீனமான இடம் கிடைக்கும் வரை பக்கவாட்டில் நடக்கும். தளத்தின் மேல் தண்ணீர் கட்டிச் சோதிப்பது வழக்கமான முறைதான், ஆனால் பழைய தளத்தில் யோசித்துச் செய்யுங்கள். ஐந்து செ.மீ. உயரத் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ. அறுபது சதுர மீட்டர் மாடியில் அது மூன்று டன். ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றைப் புதிதாக ஏற்றுவதும் ஒரு டன் ஏற்றுவதுதான். ஒழுகுகிறது என்று பழைய ஓட்டின் மேலேயே புது ஓடு, அதன் மேல் இன்னொரு பூச்சு என்று அடுக்கிக்கொண்டே போன தளங்களைப் பார்த்தால் எனக்கு அடியில் நிற்கவே மனம் வருவதில்லை.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் கான்கிரீட்டின் காரத்தன்மை. புதிதில் அதன் பி.எச். மதிப்பு 12-க்கு மேல் இருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. அது 9-ஐ ஒட்டி இறங்கி, கூடவே ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். துரு அது உண்ட இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் காரை பெயர்ந்து விழுகிறது. விழுவதற்கு முன்பே, கம்பி போகும் வழியில் நேர்கோடாக ஒரு விரிசலும் பழுப்புக் கறையும் தோன்றும். நீளமான கழியால் உட்கூரையைத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், விட்டுப்போன இடத்தில் பொத்தென்று கேட்கும். அங்கே கட்டில் இருந்தால் இன்றைக்கே நகர்த்துங்கள்.

இந்தப் பழுதைச் சரிசெய்யும் விதத்தில்தான் பெரிய ஏமாற்று நடக்கிறது. துருவேறிய கம்பியின் மேல் அப்படியே சாந்தை அப்பி மட்டம் செய்துவிட்டுப் போகிறார்கள். உள்ளே துரு நிற்காது, ஒட்டும் நிற்காது. கம்பிக்குப் பின்புறமும் விரல் நுழையும் அளவுக்குக் கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, துருவை முழுக்கத் தேய்த்து, இளைத்துப்போன கம்பிக்குத் துணைக்கம்பி வைத்து, துருத்தடுப்புப் பூசி, அதற்குப் பிறகுதான் சாந்து. வேலை நடக்கும்போது நீங்களே ஏறி நின்று கம்பியின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கொத்தனார் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றது 1824-இல். அது எல்லா வீட்டுச் சுவருக்கும் வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. அதற்கு முன் கட்டியவர்கள் சுண்ணாம்பில் கட்டினார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டு பூசி, அதற்கும் மேல் நீர்புகா வண்ணம் அடித்தால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லையே கரைக்கும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் சரி. அந்த வேலை தெரிந்த ஆள் கிடைப்பது கடினம் என்பதற்காகத் தவறான பூச்சைப் பூசிவிட முடியாது.

விரிசலைக் கண்டால் பலருக்கு உயிரே போய்விடுகிறது. எல்லா விரிசலும் ஆபத்தல்ல. கான்கிரீட் தளம் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். பத்து மீட்டர் நீளத் தளம் 30 டிகிரி வேறுபாட்டில் ஏறக்குறைய 3 மி.மீ. அசையும். அதனால் தளத்துக்கு அடியில் சுவரின் உச்சியில் படுக்கைவாக்கில் வரும் மெல்லிய விரிசல் பெரும்பாலும் இந்த அசைவுதான். சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோல் ஏறிப்போகும் சாய்வு விரிசலைத்தான் கவனிக்க வேண்டும். அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதன் அடையாளமாக அது இருக்கலாம். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே இரண்டு புள்ளி வைத்து அவற்றின் இடைவெளியை அளந்து எழுதுங்கள். களிமண் நிலம் மழையில் ஊதி, வறட்சியில் சுருங்கும். ஆகவே ஓராண்டு முழுவதும் அளந்தால்தான் விரிசல் வளர்கிறதா, பருவத்தோடு வந்து போகிறதா என்று தெரியும். ஆனால் அகலம் 5 மி.மீ. தாண்டிவிட்டாலோ, தூணிலோ உத்திரத்திலோ விரிசல் கண்டாலோ, சுவர் வயிறு தள்ளி நின்றாலோ ஓராண்டு காத்திருக்காதீர்கள். கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துவிடுங்கள்.

மரத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். திருப்புளியை எடுத்து நிலையின் அடிப்பாகத்திலும், உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையிலும் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கினால் உள்ளே ஒன்றுமில்லை. கரையான் பாதையைக் கண்டால் நடுவில் கொஞ்சம் உடைத்துவிட்டு சில நாள் பொறுங்கள். மீண்டும் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கிறது.

மின்சாரத்தில் நீங்களே கைவைக்காதீர்கள். எலக்ட்ரீஷியனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எர்த் இணைப்பு உண்மையிலேயே இருக்கிறதா, 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பான் இருக்கிறதா. ஸ்விட்ச் சுட்டாலும், ஃபியூஸ் அடிக்கடி போனாலும் தடித்த கம்பி போட்டுச் சமாளிக்காதீர்கள். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம், ஆகவே உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் கிளப்பக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை அறுக்கவோ துளையிடவோ கூடாது.

ஆய்வுக்கு ஆள் அமர்த்தினால் அவரோடு நீங்களும் கூடவே நடங்கள். அவர் பார்க்க முடியாமல் விட்ட இடங்கள் எவை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பூட்டிய அறை, பரணுக்கு மேலே, பெரிய அலமாரிக்குப் பின்னால்: பழுது அங்கேதான் இருக்கும் என்று இல்லை, இருந்தால் தெரியாமல் போகும்.

வேலை தொடங்கும்போது கூரையும் மழைநீர்க் குழாயும் முதலில், வெளி மண்மட்டம் அடுத்து, கம்பியும் மரமும் அதற்குப் பின். வண்ணம் கடைசி. நனைந்த சுவர் உலர, அதன் தடிமனில் ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் ஒரு மாதம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. இருபத்து மூன்று செ.மீ. சுவர் என்றால் ஏறத்தாழ ஒன்பது மாதம். வண்ணக்காரருக்குத் தேதி கொடுப்பதற்கு முன் அந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.