பாக்பஜார் தெருவில் இரண்டு பெண்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பாரதியார் குருவாகப் போற்றி, 1908-இல் 'ஸ்வதேச கீதங்கள்' நூலைச் சமர்ப்பித்தாரே, அந்த நிவேதிதையை நமக்கெல்லாம் தெரியும். கல்கத்தாவில் அவருக்கு ஒரு தோழி இருந்தார். வயதில் பதினான்கு ஆண்டு மூத்தவர். ராமகிருஷ்ணரின் துணைவியார் சாரதா தேவி.

தோழி என்று சொல்வது சிலருக்கு நெருடலாம். அன்னை என்றும் சிஷ்யை என்றும்தான் வழக்கமாக எழுதுகிறார்கள். எனக்கென்னவோ அது நட்பாகவே படுகிறது. அதற்கான துணிச்சலில் பெரும்பங்கு மூத்தவருடையது.

1898 மார்ச் 17 அன்று முதல் சந்திப்பு. அயர்லாந்தில் பிறந்த மார்கரெட் நோபிள் இந்தியா வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நிவேதிதை என்ற பெயரே இன்னும் வரவில்லை. கூடவே மேலைநாட்டுத் தோழிகள் இரண்டு பேர். மார்கரெட்டுக்கு வங்காளம் வராது, சாரதா தேவிக்கு ஆங்கிலம் வராது. சாரதா தேவியோ கிராமத்தில் பிறந்து வளர்ந்த பிராமண விதவை. வெள்ளைக்காரரோடு சாப்பிட்டால் ஆசாரம் போச்சு என்று ஊரே பேசும் காலம் அது. அவர் அந்த மூவரோடும் சேர்ந்து சாப்பிட்டார். விவேகானந்தரே அதைக் கண்டு பூரித்துப்போய்க் கடிதம் எழுதினார்.

அந்த நவம்பரில் நிவேதிதை சில நாட்கள், கல்கத்தாவின் பாக்பஜார் பகுதியில் இருந்த சாரதா தேவியின் வீட்டிலேயே தங்கினார். மற்றப் பெண்களோடு தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். அப்புறம் அதே தெருவில் வேறு வீடு பார்த்துக்கொண்டு, வங்காளமும் பேசக் கற்றார்.

சாரதா தேவி தம் கையாலேயே கம்பளி நூலில் ஒரு சின்ன விசிறி செய்து அவருக்குக் கொடுத்திருக்கிறார். நிவேதிதை கொடுத்த பட்டுப் போர்வை கிழிந்து நைந்த பிறகும் தூக்கிப் போட மனம் வரவில்லை. பூச்சி அரிக்காமல் மடிப்புகளுக்குள் கருஞ்சீரகம் தூவிப் பத்திரப்படுத்தினார். நிவேதிதை 1911-இல், 43 வயதில், டார்ஜிலிங்கில் காலமானார். அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் சாரதா தேவி இருந்தார்.

1898 நவம்பர் 13 அன்று நிவேதிதை பெண்களுக்கென்று பள்ளி தொடங்கியபோது, பூஜை செய்து திறந்து வைத்தவர் சாரதா தேவிதான். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை நம்பி வீட்டுப் பெண்ணை அனுப்பத் தயங்கியவர்களுக்கு அவர் வந்து நின்றதைவிட வேறென்ன உறுதி வேண்டும்? அந்தப் பள்ளி பாக்பஜாரில் நிவேதிதையின் பெயரிலேயே இன்றும் நடக்கிறது.