வெஸ்ட் பாயின்ட், 1913: தோற்ற ஆட்டத்தில் கற்ற பாடம்

நண்பர்களே, வணக்கம்.

நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றின் மேட்டுக் கரையில் இருக்கிறது வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி. அதன் அமெரிக்கக் கால்பந்து அணி 1913இல் ஆடியது ஒன்பது ஆட்டம். எட்டில் வெற்றி, ஒன்றில் தோல்வி. அந்த ஒரு தோல்வியைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அதற்கு அப்புறம் நான்கு வாரத்தில் நடந்ததும் அதே அளவுக்குப் பேசப்பட வேண்டியது.

அந்த நாளில் இந்த ஆட்டம் எப்படி இருந்தது? பந்தை வைத்திருப்பவனைச் சுற்றி ஆட்கள் மொத்தமாக நெருக்கியடித்துக்கொண்டு எதிர் வரிசையில் மோதுவார்கள். 1909இல் ஹார்வர்டுடன் ஆடியபோது அடிபட்ட வெஸ்ட் பாயின்ட் மாணவர் ஒருவர் இறந்தே போனார். மீதி ஆட்டங்களைக் கல்லூரி ரத்து செய்தது. மறு ஆண்டே, பந்து வைத்திருப்பவனைத் தன் அணியினர் தள்ளவோ இழுக்கவோ கூடாது என்று விதி வந்தது.

பந்தை முன்னோக்கி எறியலாம் என்று 1906இலேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஆனால், யார் கையும் படாமல் பந்து தரையில் விழுந்தால் அது எதிரணிக்குப் போய்விடும். இப்படி ஒரு தண்டனை இருந்தால் யார் துணிந்து எறிவார்கள்? 1912இல்தான் வழி திறந்தது. 20 கெஜத்துக்கு மேல் எறியக் கூடாது என்ற தடை போனது. 10 கெஜம் முன்னேற மூன்றுக்குப் பதில் நான்கு முயற்சி கிடைத்தது. பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பதுதான் டச்டவுன்; அதற்கு 6 புள்ளி ஆனது. பந்தும் மெலிந்தது: குறுக்குச் சுற்றளவு 22½ முதல் 23 அங்குலம். எறிபவர் மட்டும், இரு அணியும் எதிரெதிரே நிற்கும் கோட்டுக்கு 5 கெஜம் பின்னால் நிற்க வேண்டும்.

இந்த மெலிவைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். குண்டுப் பந்தை உள்ளங்கையில் ஏந்தி வீச வேண்டும். அது காற்றில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போகும், எங்கே விழும் என்று சொல்ல முடியாது. மெலிந்த பந்தை விரல்களால் பற்றலாம். தையலில் விரல் நுனி பிடிமானம் கொள்ளும். தோளுக்கு மேலிருந்து எறிந்து, விடும்போது விரலை உருட்டிவிட்டால் பந்து பம்பரம்போல் தன் அச்சில் சுழன்று நேராகப் போகும். பிடிப்பவனும் நின்று மார்பில் அணைக்க வேண்டியதில்லை. ஓடிக்கொண்டே, கையைத் தளர்வாக வைத்து வாங்கலாம். கையை விறைத்தால் பந்து தெறித்துவிடும்.

வெஸ்ட் பாயின்ட்டைத் தோற்கடிக்கப்போகும் நோட்ர டாம் கல்லூரியின் வீரர்கள் கஸ் டோரைஸும் நூட் ராக்னியும் 1913 கோடையில் ஒஹாயோவில் சீடர் பாயின்ட் ஏரிக்கரையில் இதையே பழகினார்கள்.

வெஸ்ட் பாயின்ட் அந்தப் பருவத்தை ஸ்டீவன்ஸை 34–0, ரட்கர்ஸை 29–0 என்று வென்று தொடங்கியது. அடுத்து கோல்கேட்டுடன் 7–6. டஃப்ட்ஸுடன் வெறும் 2–0. எதிரணியை அதன் கோல் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கிக் கிடைத்த 2 புள்ளி அது. தடுப்பு பலமாகத்தான் இருந்தது, ஆனால் நெருக்கி நின்று மோதலைத் தாங்கும் தடுப்பு.

நவம்பர் 1 அன்று நோட்ர டாம் வந்தது. இடைவேளையில் நோட்ர டாம் 14–13 என்று முன்னிலை, ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். டோரைஸ் எறிந்த 17 பந்தில் 14 கைக்குப் போய்ச் சேர்ந்தன. மொத்தம் 243 கெஜம். எறிதலைத் தடுக்க ஆட்கள் பின்வாங்கி விரிந்தால் நடுவில் இடைவெளி விழும். அதில் நோட்ர டாமின் ஐக்கன்லாப் பந்தோடு பாய்வார். அவரை மடக்க நெருங்கினால் மறுபடியும் தலைக்கு மேலே பந்து பறக்கும். இரண்டு பக்கமும் இடி. முடிவு 35–13.

முன்னோக்கி எறிதலை நோட்ர டாம்தான் கண்டுபிடித்தது என்பார்கள்; அது சரியில்லை. செயின்ட் லூயிஸ் அணி 1906லேயே எறிந்துவிட்டது. 1913 நவம்பரில் நடந்தது, அதைக் கிழக்கத்திய பெரிய அணிகளின் கண்ணெதிரே நிரூபித்ததுதான்.

வெஸ்ட் பாயின்ட் பயிற்சியாளர் சார்லஸ் டேலியின் அணி சோர்ந்து உட்காரவில்லை. ஆல்பிரைட்டை 77–0, வில்லனோவாவை 55–0, ஸ்பிரிங்ஃபீல்டை 14–7 என்று வென்றது. அடுத்தது கடற்படைக் கல்லூரி. அதனிடம் வெஸ்ட் பாயின்ட் முந்தைய மூன்று ஆண்டும் 3–0, 3–0, 6–0 என்று தோற்றிருந்தது. மூன்று ஆட்டத்திலும் சேர்த்து ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை!

நவம்பர் 29, நியூயார்க் போலோ மைதானம். கடற்படை மூன்று கோல் உதைத்து 9 புள்ளி எடுத்தது. இந்தப் பக்கம் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பிரிச்சர்ட் எறிய, விளிம்பில் ஓடிய மெரிலாட் பிடித்தார். நான்கு வாரத்துக்கு முன் தங்களைப் பிளந்த அதே ஆயுதத்தால் கடற்படையின் தடுப்பைப் பிளந்தார்கள். வெஸ்ட் பாயின்ட் 22, கடற்படை 9.