எறும்பு ஊரக் கல்லும் தேயும்

(இலங்கை மலையகத்தின் தலவாக்கலையில் திருச்சபைகள் ஒன்றுகூடி நடத்திய தவக்கால மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மேடையில் வீற்றிருக்கும் எங்கள் கனம் போதகர் ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, மெதடிஸ்த திருச்சபையின் போதகர் அம்மா அவர்களே, தோட்ட முகாமையாளர் அவர்களே, பாடசாலை அதிபர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, நாளை விடிந்தால் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து வேலைக்கு இறங்க வேண்டியிருந்தும் இந்தக் குளிரில் பிள்ளைகளைச் சால்வையில் சுற்றிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, தம்பி தங்கையரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

விஷயத்துக்குப் போகுமுன் சிலருக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். பங்குத்தந்தை தம் ஆலயத்தின் சிலுவைப்பாதை வழிபாட்டை இன்றைக்கு மட்டும் முன்னதாகவே முடித்துவிட்டு, தம் மக்களையும் அழைத்துக்கொண்டு வந்திருக்கிறார். முகாமையாளர் அவர்கள் தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கு மக்கள் வந்து திரும்ப லொறி தந்திருக்கிறார். கேட்டவுடன் தந்தார், இரண்டாம் தரம் கேட்க வைக்கவில்லை. மாரியம்மன் கோயில் பரிபாலன சபைத் தலைவர் ஐயா முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அழைப்பிதழில் அவர் பெயர் இல்லை, சொல்லியனுப்பினோம், வந்துவிட்டார். அவர் மேடைக்கு வர வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். இல்லை, வரத்தான் வேண்டும் ஐயா. ஒரு நாற்காலி போடுங்கள். பாடகர் குழுவினருக்கும், இஞ்சித் தேநீர் தந்த மாதர் சங்கத்தாருக்கும் என் நன்றி.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, ‘கிறிஸ்தவ வாழ்வில் சுய ஒழுக்கம்’. மூன்று பகுதிகளாகப் பேச நினைத்திருக்கிறேன். முதலாவது உடலை அடக்குவது, இரண்டாவது நாவை அடக்குவது, மூன்றாவது நேரத்தை அடக்கி ஆள்வது. மூன்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே பழமொழி. என் தகப்பனார் எதற்கெடுத்தாலும் அதைத்தான் சொல்வார்: எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் பவுல் ஆவியின் கனியை வரிசைப்படுத்துகிறார். அன்பு, சந்தோஷம், சமாதானம் என்று தொடங்கும் அந்த ஒன்பதில் கடைசியாக நிற்பது இச்சையடக்கம். நம் கூட்டங்களில் எத்தனையோ சாட்சி கேட்டிருக்கிறோம். நோய் தீர்ந்தது என்பார்கள், வேலை கிடைத்தது என்பார்கள். ‘கர்த்தர் எனக்கு இச்சையடக்கம் தந்தார்’ என்று ஒருவர் எழுந்து சொல்லி நான் கேட்டதில்லை. ஏனென்றால் அது ஒரு இரவில் வந்து சேர்வதில்லை. அது வளர்வது பக்கத்துக் காம்பராவில், அடுத்த லய அறையில், இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

நம் ஆண்டவரைப் பாருங்கள். ‘அதிகாலையில், இருட்டோடே எழுந்து’ வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு எழுதுகிறார். ஓய்வுநாளில் ஜெபாலயத்துக்குப் போனதைச் சொல்லும்போது ‘தம்முடைய வழக்கத்தின்படியே’ என்கிறார் லூக்கா. காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இரவிலும் வழக்கத்தின்படியே ஒலிவமலைக்குத்தான் போகிறார். யோவான் இன்னொன்றையும் சொல்கிறார்: இயேசு அடிக்கடி அங்கே போயிருந்தபடியால் யூதாசும் அந்த இடத்தை அறிந்திருந்தான். நினைத்துப் பாருங்கள். காட்டிக்கொடுக்க வந்தவன் தேடி அலையவில்லை. எங்கே இருப்பார் என்று அவனுக்குத் தெரியும். அவ்வளவு ஒழுங்கான ஜெப வாழ்க்கை.

தானியேலுக்கும் அதுவேதான். ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் விண்ணப்பம் பண்ணக்கூடாது என்று கட்டளை பிறந்தது. அன்றைக்கென்று அவர் புதிதாக எதையும் செய்யவில்லை. மேலறையின் பலகணிகள் எருசலேமுக்கு நேராகத் திறந்திருக்க, ‘தான் முன் செய்துவந்தபடியே’ தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டார். சிங்கக் கெபியில் வந்த துணிவு சிங்கக் கெபியில் பிறந்ததில்லை என்பது என் எண்ணம். அது அந்தப் பலகணிக்குக் கீழே, யாரும் பார்க்காத நாட்களில் சேர்ந்த துணிவு.

முதல் பகுதிக்கு வருகிறேன். உடலை அடக்குவது. நாற்பது நாள் சாராயத் தவறணைப் பக்கம் போகாமல் இருந்துவிட்டு, உயிர்த்த ஞாயிறு மாலையிலேயே நாற்பது நாள் கணக்கையும் தீர்த்துக்கொள்கிறவர்கள் நம் லயங்களில், இந்த வரிசை வீடுகளில், இருக்கிறார்கள். அது விரதமாகாது. கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடிகளின் கிளைகளைத் தறித்துவிட்ட மலையைப் புதிதாக வந்த ஒருவன் பார்த்தால் செடியெல்லாம் செத்துப்போயிற்று என்பான். கொழுந்தெடுக்கிற உங்களுக்குத் தெரியும், அடுத்த சில ஆண்டுக் கொழுந்து அந்த வெட்டில்தான் இருக்கிறது. கனி கொடுக்கிற கொடியைப் பிதா சுத்தம்பண்ணுகிறார் என்று ஆண்டவர் சொன்னதும் இதைத்தான். விரதம் பின்வரும் மாதங்களுக்காகச் செய்யப்படும் வெட்டு. இதற்குமேல் இதை விரிக்க வேண்டியதில்லை. நாவைப் பற்றி யாக்கோபு எழுதியதைப் பிறகு சொல்கிறேன். அதற்குமுன் ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இங்கே பலருக்கு அவரைத் தெரியும். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். கொழுந்தெடுத்தே வாழ்ந்தவர், பள்ளிக்கூடம் பாராதவர். தலை நரைத்த பிறகு, முதலாம் வகுப்பில் படித்த பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கற்றார். பேத்தி ‘அ’ என்றால் இவரும் ‘அ’ என்பார். பேத்தி இரண்டாம் வகுப்புக்குப் போனபோது பாட்டியும் இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்ட வந்ததும் ஒரு தீர்மானம் செய்தார்: நாளுக்கு ஒரு அதிகாரம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. விடிகாலையில் எழுந்து, அடுப்பை மூட்டி, ரொட்டியைத் தட்டிப் போட்டுவிட்டு, குப்பி விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு சத்தமாக வாசிப்பார். மனதுக்குள் வாசிக்க அவருக்கு வராது. கொழுந்துக் கறை ஏறிய விரலை வரியின் கீழே வைத்து நகர்த்துவார். அந்த வேதாகமத்தை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் விரல் போன தடம் பழுப்பாகத் தெரியும்.

வீட்டுக்காரர் குடிப்பவர். விடிகாலையில் விளக்கும் சத்தமும் அவருக்குப் பிடிக்கவில்லை. கம்பளியை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு திட்டுவார். அம்மா பதில் பேசமாட்டார், வாசிப்பையும் நிறுத்தமாட்டார். ஆதியாகமம் முப்பத்தேழாம் அதிகாரம் வந்தது. யோசேப்பைச் சகோதரர்கள் குழியில் போட்டு, பிறகு விற்றுவிடுகிறார்கள். அதோடு அதிகாரம் முடிந்தது. அம்மா புத்தகத்தை மூடிவிட்டுப் பெரட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் விடிகாலையில் கம்பளிக்குள்ளிருந்து ஒரு குரல்: “அந்தப் பையன் என்ன ஆனான்?” முப்பத்தெட்டாம் அதிகாரத்தில் யோசேப்பு வரவே மாட்டான் என்பது வேதம் வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். அது முழுக்க யூதாவின் கதை. அதை வாசித்து முடித்தார். “யோசேப்பு எங்கே?” என்றார் அவர். “நாளைக்கு வருவான்” என்றார் அம்மா. “இன்னும் ஒன்று வாசித்தால் என்ன, குடியா முழுகிப்போகும்?” என்று கேட்டிருக்கிறார் மனிதர். அம்மா அசையவில்லை. நாளுக்கு ஒன்று என்றால் ஒன்றுதான். யோசேப்புக்காக அந்த மனிதர் இன்னும் ஒரு பகலும் ஒரு இரவும் காத்திருந்தார்.

இன்னும் கேளுங்கள். நாளாகமம் முதலாம் புத்தகத்தின் முதல் ஒன்பது அதிகாரங்கள் பெரும்பாலும் பெயர்ப்பட்டியல். படித்தவர்களே தாண்டிப் போகிற இடம். எழுத்துக் கூட்டி வாசிக்கிற ஒருவருக்கு எப்படி இருக்கும்! உபதேசியார் இரக்கப்பட்டு, “அம்மா, அதை விட்டுவிட்டுப் பத்தாம் அதிகாரத்துக்குப் போங்கள், பாவமில்லை” என்றார். அதற்கு அந்த அம்மா சொன்னது: “ஐயா, பெரட்டில் கணக்கப்பிள்ளை ஒருத்தியின் பேரை விட்டுவிட்டால் அன்றைய சம்பளம் அவளுக்கு இல்லாமல் போய்விடும். இவர்கள் பேரைக் கடவுளே எழுதி வைத்திருக்கிறார். விட்டுவிட நான் யார்?” அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், வாங்கிக்கொண்டு அழுதபடி வீடு வந்தவர்களுக்கு அந்தப் பதிலின் அருமை தெரியும். வேதசாஸ்திரம் கற்றவர்களிடமும் இப்படி ஒரு விளக்கத்தை நான் கேட்டதில்லை.

நாங்கள் வாசிக்கும் வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். நாளுக்கு ஒன்று என்றால் மூன்று ஆண்டும் மூன்று மாதமும் ஆகும். அந்த அம்மா வெளிப்படுத்தின விசேஷத்தை முடித்த மறுநாளே ஆதியாகமத்தைத் திறந்தார். வீட்டுக்காரர் குடியை விட்டாரா என்று கேட்பீர்கள். ஒரே நாளில் விடவில்லை. விடிகாலையில் கதை கேட்க வேண்டுமென்றால் முந்திய இரவு அளவு மீற முடியாது. அப்படிக் குறைந்தது, மெதுவாகக் குறைந்தது, கடைசியில் நின்றது. எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

பங்குத்தந்தை இருக்கும் சபையில் புனித யோசேப் வாஸ் அடிகளாரைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. 1651ஆம் ஆண்டு கோவாவில் பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்க குருமாரைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், ஏழைக் கூலியாளைப்போல வேடமிட்டு இந்தத் தீவுக்கு வந்தார். 1692இல் கண்டிக்கு வந்தவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று பிடித்துச் சிறையில் வைத்தார்கள். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி மக்கள் ஓடியபோது, அவர் நோயாளிகளின் அருகே இருந்து பணிவிடை செய்தார். 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே காலமானார். பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தது 2015 ஜனவரி 14ஆம் திகதி. இடையில் முந்நூறு ஆண்டுகளுக்குமேல். நாளைக்கு யார் பாராட்டுவார்கள் என்று பார்த்திருந்தால் அவர் சிறையை விட்டு வெளியே வந்ததும் கோவாவுக்குக் கப்பல் ஏறியிருப்பார்.

கோயில் தலைவர் ஐயாவுக்காக ஒரு குறளும் சொல்கிறேன்: ‘நிலையின் திரியாது அடங்கியான் தோற்றம் மலையினும் மாணப் பெரிது.’ மலைகளுக்கு நடுவே வாழ்கிற நமக்கு இதற்கு உரை தேவையில்லை.

நாவைப் பற்றி யாக்கோபு எழுதியதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். இப்போது மூன்றாவது பகுதி. நேரம். நான் இந்த மேடைக்கு வர ஒப்புக்கொண்டதே இதைப் பேசத்தான். ‘நீயோ ஜெபம்பண்ணும்போது, உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி’ என்கிறார் ஆண்டவர். எந்த அறைக்குள் போவது? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறு பேர். சில பழைய லயங்களில் நடுச்சுவர் கூரைவரை எழும்புவதில்லை. அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி நம் வீட்டிலும் பேசும். ஒருவர் கைத்தொலைபேசியில் பாட்டு, ஒருவர் சண்டை, அடுப்புப் புகை. இதற்கு நடுவே இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், குந்தியிருந்து சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையிடம் ‘ஒழுக்கமாகப் படி’ என்று சொல்கிறோம். அந்த அம்மாவுக்காவது விடிகாலை இருந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு எந்த நேரம் இருக்கிறது? அமைதியான ஒரு மணி நேரம் கிடைக்காத பிள்ளைக்கு ஒழுக்கத்தைப் பிரசங்கம் பண்ண நமக்கு உரிமை இல்லை.

இதற்கிடையில் நம் ஆலய மண்டபங்கள் என்ன செய்கின்றன? ஞாயிறு திறக்கின்றன, கல்யாணத்துக்குத் திறக்கின்றன, மற்ற நாளெல்லாம் பூட்டு. 1854இல் தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரில் இந்த மலைகளில் ஊழியம் தொடங்கியபோது உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். பிரசங்கத்தோடு பள்ளிக்கூடமும் வந்தது. அந்த வழியில் வந்த நாம் விளக்கும் வாங்குப் பலகைகளும் உள்ள மண்டபத்தைப் பூட்டிவைத்திருக்கிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை. பல இடங்களில் கேட்டுவிட்டேன், இங்கேயும் கேட்கிறேன்.

திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை, மண்டபம் படிப்பறையாகத் திறந்திருக்க வேண்டும். எந்தச் சமயத்துப் பிள்ளையும் வரலாம். பிரசங்கம் வேண்டாம், கட்டணம் வேண்டாம். ஆசிரியர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பெரியவர் ஒருவர் தம் புத்தகத்தோடு சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். கைத்தொலைபேசிகள் வாசலில் ஒரு பெட்டியில் இருக்கட்டும், பெரியவருடையதும் சேர்த்து. அந்த இரண்டு மணி நேரம் ஆலய ஒலிபெருக்கி மௌனமாக இருக்க வேண்டும். பாடகர் குழுவின் ஒத்திகையை எட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கோயில் ஒலிபெருக்கிக்கும் அதே வேண்டுகோளைத் தலைவர் ஐயாவிடம் பணிவோடு வைக்கிறேன். அவர் தலையசைக்கிறார், நன்றி ஐயா.

பெற்றோரிடம் ஒன்று. பிள்ளையை இங்கே அனுப்பிவிட்டு நீங்கள் தொடர்நாடகம் பார்த்தால் திரும்பி வரும் பிள்ளை என்ன நினைக்கும்? அந்த நேரத்தில் வீட்டிலும் தொலைக்காட்சியை அணையுங்கள். முதல் வாரம் கை பரபரக்கும். இரண்டாம் வாரம் கொஞ்சம் குறையும். 2023இல் மலையக மக்கள் இங்கே வந்த 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அவர்கள் பறந்தா வந்தார்கள்? எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

முகாமையாளர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். மேற்கணக்கிலிருந்து வரும் பாதை இருட்டு. அந்தப் பக்கம் சிறுத்தை நடமாட்டமும் உண்டு. வளைவில் ஒரு மின்விளக்கும், எட்டு மணிக்குப் பெண் பிள்ளைகளோடு நடந்துவர ஒரு காவலரும் கிடைத்தால் போதும். அதிபர் அவர்கள் பழைய வினாத்தாள்களின் பிரதிகளைத் தருவதாக ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

நேரம் முடிந்தது என்று போதகர் ஐயா சைகை காட்டுகிறார். கடைசியாக ஒன்றைக் கேட்டு அமர்கிறேன். இந்த மண்டபத்தின் சாவி சபைச் செயலாளரிடம் இருக்கிறது. மின்கட்டணத்தைப் பற்றி அவருக்குக் கவலை இருப்பது எனக்குத் தெரியும். முதல் மூன்று மாதக் கட்டணத்தை நான் கட்டுகிறேன். பிறகு எல்லாச் சபைகளும் பங்கிட்டுக்கொள்ளட்டும். வருகிற திங்கட்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு நான் வாசலில் நிற்பேன். யார் வந்து கதவைத் திறக்கப்போகிறீர்கள் என்பதைக் கூட்டம் கலையுமுன் செயலாளர் ஐயா இந்த மேடையிலேயே சொல்லிவிட வேண்டும்.