ரோமை நடந்து பார்ப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

ரோமுக்குப் போகிற பலர் சுற்றுலா பஸ்ஸின் மேல்தளத்தில் உட்கார்ந்து, கொலோசியம், வாத்திகன் என்று ஒரு ரவுண்டு போய்விட்டு, ஊரைப் பார்த்தாயிற்று என்கிறார்கள். கட்டடங்களைப் பார்த்திருப்பார்கள், சரி. ஆனால் அந்த ஊரின் பழமையில் பாதி, தெருக்களின் வளைவிலும் தரையின் மேடுபள்ளத்திலும் இருக்கிறது. அதை நடந்தால்தான் பிடிக்க முடியும்.

பியாட்சா நவோனா என்ற சதுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான திறந்தவெளி, வடக்கு முனை மட்டும் அரைவட்டமாக வளையும். அங்கே முதலாம் நூற்றாண்டில் பேரரசர் டொமிஷியன் ஓர் ஓட்டப்பந்தய அரங்கம் கட்டினார். பார்வையாளர் வரிசைகள் இருந்த இடத்தில் பிற்பாடு வீடுகள் எழும்பின; ஓடுகளம் காலியாகவே நின்றுவிட்டது. எல்லோரும் நடுவிலுள்ள நீரூற்றைப் படமெடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் மெனக்கெட்டு வடக்கு முனையின் வெளிப்பக்கம் சுற்றிவந்தால், இன்றைய கட்டடத்துக்கு அடியில், தெருமட்டத்துக்குக் கீழே, அரங்கத்தின் பழைய கல்வாசல் தெரியும்.

தெற்கே காம்போ தே ஃபியோரி என்ற சதுக்கத்தைத் தாண்டினால் கிரோத்தா பின்தா என்று ஒரு சின்னத் தெரு. அதன் வீட்டு வரிசை வில்லாக வளைந்து நிற்கிறது. கி.மு. 55இல் ரோமானியத் தளபதி பாம்ப்பி (Pompey) திறந்துவைத்த நாடக அரங்கத்தின் வளைவு அது. அங்கிருந்து கிழக்கே சில நிமிடம் நடந்தால் லார்கோ அர்ஜென்தீனா சதுக்கம். கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் குத்திக் கொல்லப்பட்ட செனட் சபை மண்டபம், பாம்ப்பியின் நாடக அரங்க வளாகத்தின் அந்தக் கோடியில்தான் இருந்தது. அந்த வளாகம் எவ்வளவு பெரியது என்பது நம் நடையிலேயே தெரிந்துவிடும்.

அங்குள்ள கோயில் இடிபாடுகளைத் தெருவில் நின்று பார்த்தால் குனிந்துதான் பார்க்க வேண்டும். இடிந்ததன் மேலேயே கட்டிக்கட்டி, டைபர் ஆற்று வெள்ளம் கொண்டுவந்த வண்டலும் சேர்ந்து, தரை உயர்ந்துவிட்டது. எவ்வளவு வெள்ளம் என்று கேட்டால், பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலுக்குப் பின்னால் சாந்தா மரியா சோப்ரா மினெர்வா தேவாலயத்தின் முன்சுவரைப் பாருங்கள். வெள்ளம் ஏறிய மட்டங்களைக் கல்லில் பொறித்துப் பதித்திருக்கிறார்கள். 1598ஆம் வருடத்துக் கல் நம் தலைக்கு மேலே இருக்கும்! 1870இல் மறுபடி பெருவெள்ளம் வந்த பிறகுதான் ஆற்றுக்கு உயரமான கரைச்சுவர் எழுப்பினார்கள்.

இந்த அடுக்குகளுக்குள்ளேயே இறங்கிப் பார்க்க, கொலோசியத்துக்குப் பக்கத்தில் சான் கிளெமெந்தே இருக்கிறது. மேலே 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். படியிறங்கினால் 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். இன்னும் இறங்கினால் ரோமானியர் காலச் சுவர்கள், மித்ரா என்ற தெய்வத்தை வணங்கிய வழிபாட்டறை. அந்த அடித்தளத்தில் நிலத்தடி நீர் ஓடும் சத்தமும் கேட்கும். ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்களை நான் கொலோசியத்துக்கு அனுப்பமாட்டேன், இங்கேதான் அனுப்புவேன்.

அப்புறம், நல்ல செருப்பு முக்கியம். தெருவில் பாவியிருப்பது கரிய எரிமலைக் கற்கள். மழை பெய்தால் வழுக்கும். பல தேவாலயங்களை மதியம் சில மணி நேரம் அடைத்துவிடுவார்கள், காலையிலேயே கிளம்புங்கள். தண்ணீர் பாட்டில் சுமக்க வேண்டியதில்லை. தெருவோரம் இரும்புக் குழாய்களில் குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாய் வாயை விரலால் அடைத்தால், மேலேயுள்ள துளை வழியே நீர் பீய்ச்சும். கொஞ்சம் தள்ளி நின்றே அடையுங்கள். வணக்கம்.