பூம்பாறை மொட்டைமாடியில் நள்ளிரவு: பெரிய பைனாகுலர் எது வாங்கலாம்?

வணக்கம் மக்களே. வீடியோவில் முகம் சரியாகத் தெரியவில்லை என்று திட்டாதீர்கள், வேண்டுமென்றேதான் விளக்கு போடவில்லை. டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டியிருக்கிறேன், அந்த வெளிச்சம் மட்டும்தான். இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் ஆகும். நடுவில் ஒரு தடவை வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்தால் அத்தனையும் போச்சு.

இடம் பூம்பாறை. கொடைக்கானலைத் தாண்டி, மன்னவனூர் போகிற வழி. தெரிந்தவர் வீட்டு மொட்டைமாடி. கீழே பூண்டு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், வாசனை மாடி வரைக்கும் வருகிறது. மார்ச் மாதம், அமாவாசையை ஒட்டிய ராத்திரி, மணி 2 தாண்டிவிட்டது. பேச்சின் நடுவே புஸ்ஸென்று மூச்சுவிடும் சத்தம் கேட்டால் அது நான் இல்லை, தோட்டத்து ஓரம் காட்டுமாடு நிற்கிறது.

போன தடவை 10×50 பைனாகுலர் காட்டினேன் இல்லையா? முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் அகலம், மி.மீ. கணக்கில். அதற்குப் பிறகு வந்த கேள்வி எல்லாம் ஒன்றுதான். "அண்ணா, அடுத்து பெரிசா வாங்கணும், 20×80-ஆ, 25×100-ஆ?" இதற்கு நான் சொல்வது, முதலில் உங்கள் கழுத்தைக் கேளுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இணையத்தில் நாம் படிக்கிற விமர்சனங்களில் பாதி ஐரோப்பாவில் உட்கார்ந்து எழுதியவை. அங்கே தனுசு ராசிப் பக்கமெல்லாம் அடிவானத்தை ஒட்டி ஊர்ந்துவிட்டுப் போய்விடும். ஒமேகா சென்டாரி என்ற உருண்டை நட்சத்திரக் கொத்து லண்டனில் எழவே எழாது. நாம் இருப்பது வடக்கே சுமார் 10 டிகிரியில். இங்கே அதே ஒமேகா சென்டாரி தெற்கில் சுமார் 32 டிகிரி உயரத்துக்கு வருகிறது. விருச்சிகத்தின் வால், அதாவது நம் மூல நட்சத்திரம், அதன் பக்கத்தில் இருக்கிற எம்7 என்ற நட்சத்திரக் கொத்து, இதெல்லாம் 45 டிகிரி வாக்கில். உட்கார்ந்த இடத்தில் லேசாக முகத்தைத் தூக்கினால் போதும். பைனாகுலருக்கென்றே அளந்து வைத்த உயரம்.

ஆனால் திருவாதிரை இருக்கிற ஓரியன் பக்கம் அப்படி இல்லை. அது கிட்டத்தட்ட நம் உச்சந்தலை வழியாகப் போகும். பெரிய பைனாகுலரை ட்ரைபாடில் மாட்டி உச்சியைப் பார்க்க முயற்சி செய்திருக்கிறீர்களா? ட்ரைபாட் காலுக்கு நடுவில் முழங்கால் போட்டு, கழுத்தைப் பின்னால் மடக்கி... இன்று முன்னிரவில் செய்தேன், இன்னும் வலிக்கிறது.

அதனால்தான் எடை முக்கியம். 15×70 சுமார் ஒன்றரைக் கிலோ, 20×80 இரண்டு கிலோவுக்கு மேல், 25×100 நாலரைக் கிலோ பக்கம். கடைசியாகச் சொன்னது சாதாரண கேமரா ட்ரைபாடில் நிற்காது. நின்றாலும் தொட்டால் ஆடும், ஆடினால் நட்சத்திரம் புழுவாக நெளியும். 15×70-க்கு நான் கண்டுபிடித்த வழி இதோ, பாருங்கள், தாத்தா காலத்து ஈஸி சேர். சாய்ந்துகொண்டு இரண்டு முழங்கையையும் மரக்கையில் ஊன்றிவிடலாம். இந்த மூங்கில் கம்பை மடியில் நிறுத்தி அதன் மேல் பைனாகுலரை வைத்தால் ஆட்டம் பாதி அடங்கிவிடும். உச்சியும் தெரியும், கழுத்தும் தப்பிக்கும்.

வெளிச்சக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 50 மி.மீ. லென்ஸைவிட 70 மி.மீ. ஏறக்குறைய இரண்டு மடங்கு ஒளியை வாங்கும், 100 மி.மீ. நான்கு மடங்கு. லென்ஸ் அளவை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்குள் விழும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 15×70-க்கு 4.7 மி.மீ., 25×100-க்கு 4. இருட்டில் இளவயதுக் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், வயதாக ஆக அது குறையும். என்னை மாதிரி நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் இந்த 4, 5 வீணாகாது. இன்னொன்று, பெரிதாக்கப் பெரிதாக்க பார்வைப் பரப்பு சுருங்கும். 15×70-இல் நாலு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, முழு நிலா எட்டை வரிசையாக வைக்கலாம். ஆண்ட்ரோமெடா கேலக்ஸி நல்ல இருட்டில் மூன்று டிகிரி நீளம். 25×100-இல் அதன் ஓரம் வெட்டுப்படும்.

சரி, என் சோகக்கதைக்கு வருவோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருவரிடம் பழைய 20×80 வாங்கினேன். வத்தலக்குண்டில் இருந்து மலை ஏறும்போது பஸ்ஸில் பையை மேலே போட்டுவிட்டேன். மேலே வந்து பார்த்தால் வியாழன் இரண்டாகத் தெரிகிறது. உள்ளே ஒளியைத் திருப்பிவிடுகிற கண்ணாடிக் கட்டி, அதாவது ப்ரிசம், நகர்ந்துவிட்டது. விற்றவர் தந்தபோதே அப்படித்தான் இருந்ததா, பஸ் செய்த வேலையா, இன்று வரை தெரியாது. அதனால் வாங்கும் இடத்திலேயே சோதித்துவிடுங்கள். தூரத்துக் கம்பத்தைப் பார்த்து, கண்ணை மூடி, சட்டென்று திறங்கள். முதல் நொடியில் இரண்டாகத் தெரிந்து அப்புறம் ஒன்றாகச் சேர்ந்தால் உங்கள் கண்தான் இழுத்துச் சேர்க்கிறது. அரை மணி நேரத்தில் தலைவலி நிச்சயம், வாங்காதீர்கள்.

அடுத்தது எனக்குப் பிடித்த சோதனை. இருட்டறையில், தூரப் பொருளுக்கு ஃபோகஸ் வைத்த பைனாகுலரின் கண் வைக்கிற பக்கத்தில் ஒரு சாண் தள்ளி போன் டார்ச்சைப் பிடியுங்கள். மறுபக்கம் பெரிய லென்ஸ் வழியாக வரும் ஒளிவட்டத்தை ஒரு காகிதத்தில் விழவைத்து ஸ்கேலால் அளங்கள். 70 என்று அச்சடித்த என்னுடையது 63-தான் வந்தது! உள்ளே ப்ரிசம் சின்னதாக இருந்தால் லென்ஸின் ஓரம் வெறும் அலங்காரம். எல்லா மலிவு மாடலிலும் இப்படி என்று சொல்லவில்லை, ஆனால் அளந்து பார்க்காமல் நம்பாதீர்கள்.

ப்ரிசம் பேக்-4 (BaK-4) என்ற நல்ல ரகக் கண்ணாடியா, எல்லாக் கண்ணாடிப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு உண்டா என்று கேளுங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண் வைக்கிற லென்ஸான ஐபீஸில் இருந்து கண் 15 மி.மீ.யாவது தள்ளியிருந்தாலும் முழுப் படம் தெரிகிறதா என்று பாருங்கள்.

பகலில் இதைத் தூக்கிக்கொண்டு சூரியன் பக்கம் திரும்பவே கூடாது, கண் போய்விடும். சூரியனுக்கென்றே 1899-இல் இருந்து கொடைக்கானலில் வானாய்வகம் இருக்கிறது, அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

ஆக நான் 15×70 பக்கம். கார் வைத்திருந்து, கனமான ஸ்டாண்டும் தூக்க ஆளும் இருந்தால் 25×100 வாங்குங்கள், பொறாமையோடு வந்து பார்க்கிறேன்.

லென்ஸில் பனி படிய ஆரம்பித்துவிட்டது, துடைக்கக் கூடாது, ஹேர் டிரையரை லேசாகக் காட்டணும். மூன்று மணிக்கு ஒமேகா சென்டாரி தெற்கில் தன் முழு உயரத்துக்கு வருகிறது. இந்த கேமரா ஸ்கிரீன் வேறு கண்ணைக் கெடுக்கிறது. அணைக்கிறேன்.