ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு ஊர்: டோர்னியோவும் ஹபரண்டாவும்

வணக்கம் நண்பர்களே. போத்னியா வளைகுடா வடக்கே முடிகிற இடத்தில், பின்லாந்தின் மேற்கு விளிம்பில் இருக்கிற டோர்னியோவைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம். ஏறக்குறைய 21,000 பேர் வாழும் சின்ன நகரம். இதை ஒட்டியே ஸ்வீடனின் ஹபரண்டா இருக்கிறது. அது இன்னும் சின்னது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே ஊர்தான் என்று நினைப்பீர்கள்.

நான் நிற்கிற இந்த இடம் விக்டோரியா சதுக்கம். இந்தப் பக்கம் பின்லாந்து, அந்தப் பக்கம் ஸ்வீடன். பாஸ்போர்ட் காட்ட வரிசை கிடையாது. ஆனால் என் ஃபோனைப் பாருங்கள், மணி ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டது. எந்த நாட்டு டவரின் சிக்னல் கிடைக்கிறதோ அந்த நாட்டு நேரத்தைக் காட்டும். அதனால் இங்கே யாரையாவது சந்திப்பதாக இருந்தால் பின்லாந்து நேரமா, ஸ்வீடன் நேரமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். பணமும் மாறும்: பின்லாந்தில் யூரோ, ஸ்வீடனில் குரோனா. புத்தாண்டு வந்தால், பின்லாந்தில் கொண்டாடிவிட்டு நடந்தே போய் ஸ்வீடனில் இன்னொரு முறை கொண்டாடலாம்.

சரி, இது ஆற்றங்கரை நகரம், ஆறு எங்கே? டோர்னியோ ஆறு எனக்குப் பின்னால், ஊருக்குக் கிழக்கே ஓடுகிறது. மேலே பல நூறு கிலோமீட்டருக்கு இந்த ஆறும் அதன் துணையாறுகளும்தான் எல்லை. இங்கே மட்டும் எல்லைக்கோடு ஆற்றை விட்டு விலகி, டோர்னியோவை மேற்காகச் சுற்றிக்கொண்டு போகிறது. இந்த ஊரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

டோர்னியோவை 1621ல் நிறுவியவர் ஸ்வீடன் மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடோல்ஃப். அப்போது பின்லாந்தும் ஸ்வீடனின் பகுதிதான் என்பதால் ஆற்றின் இரண்டு கரையும் ஒரே நாடு. 1809ல் போரில் தோற்ற ஸ்வீடன் பின்லாந்தை ரஷ்யாவிடம் இழந்தது. ஆற்றின் ஆழமான ஓட்டமே எல்லை என்று முடிவானது. அந்தக் கணக்குப்படி, ஆற்றுக்கு மேற்கே இருக்கும் டோர்னியோ ஸ்வீடனிடமே தங்கியிருக்க வேண்டும். ஆனால் வடக்கின் வணிகமெல்லாம் இந்த ஊர் வழியாகத்தான் நடந்தது. ஜார் அலெக்சாந்தர் அதை விடவில்லை. ஒரு ஊருக்காகக் கோடு வளைந்தது. இந்த வட்டாரத்தில் இருந்த ஒரே நகரத்தைப் பறிகொடுத்த ஸ்வீடன், எதிரே ஹபரண்டாவை வளர்த்தது. 1842ல் அதற்கு நகர உரிமை கிடைத்தது.

அந்த நாளில் டோர்னியோ ஒரு தீவு. பனியுகத்தில் கிலோமீட்டர் கணக்கில் பனி அழுத்திக் கிடந்த நிலம் இது. அந்தப் பாரம் போனபிறகு நிலம் இன்னும் மேலே எழுந்துகொண்டே இருக்கிறது, ஆண்டுக்கு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். தீவுக்கு மேற்கே இருந்த கிளையாறு ஆழம் குறைந்து சதுப்பாகிவிட்டது. அந்தச் சதுப்பு வழியாகத்தான் எல்லை போகிறது. இப்போது நாம் நிற்கிற சதுக்கம் அதற்கு மேலேதான் இருக்கிறது.

அதோ தெரிகிறதே, 1686ல் கட்டி முடித்த மரத் தேவாலயம். அந்தக் கோபுரத்தை உற்றுப் பாருங்கள். பூமி துருவங்களில் தட்டையாக இருக்கிறதா, இல்லை நீண்டிருக்கிறதா என்று ஐரோப்பாவே சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1736ல் பிரெஞ்சு அறிஞர் மோபெர்த்துய் ஒரு குழுவோடு இங்கே வந்தார். நாம் வெப்பநிலை சொல்லும்போது பெயர் வருகிற செல்சியஸும் அதில் இருந்தார். வடக்கே ஒரு டிகிரி தூரம் பிரான்ஸில் இருப்பதைவிட நீளமா என்று பார்ப்பதுதான் திட்டம்; நீளமென்றால் துருவம் தட்டை. இந்தக் கோபுரத்தைத் தெற்கு முனையாக வைத்து, வடக்கே மலைமலையாக முக்கோணம் போட்டார்கள். முக்கோணக் கணக்குக்கு ஒரு பக்கத்தையாவது நேராக அளக்க வேண்டும். அந்த அடிக்கோட்டை அளக்க டிசம்பரில் உறைந்த ஆற்றையே தரையாக்கி, மரக்கோல்களை அடுத்தடுத்து வைத்து 14 கிலோமீட்டருக்கு மேல் அளந்தார்கள். உறையாமல் இருந்த ஒரே பானம் பிராந்தி. அதைக் குடித்தாலும் உதடு கோப்பையில் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் ரத்தம் வரும் என்று மோபெர்த்துய் எழுதியிருக்கிறார். அந்தக் குளிரில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அளந்தும் வித்தியாசம் சில அங்குலம்தான்! துருவத்தில் பூமி தட்டை, நியூட்டன் சொன்னதுதான் சரி என்று முடிவானது.

அப்புறம் முதல் உலகப் போர். ரஷ்யாவுக்கும் மேற்கு ஐரோப்பாவுக்கும் நடுவே மிஞ்சிய தரைவழி இதுதான். கை கால் இழந்த போர்க்கைதிகளைப் பல்லாயிரக்கணக்கில் இங்கே பரிமாறிக்கொண்டார்கள். ஊர் சேராமலே இறந்தவர்களின் கல்லறைகள் ஹபரண்டாவில் இருக்கின்றன. 1917 ஏப்ரலில் லெனின் நாடு திரும்பியதும் இந்த ஆற்றைக் கடந்துதான்.

ரயில்பாலம் அந்தப் போருக்குப் பிறகு வந்தது. தண்டவாளத்தைக் கவனியுங்கள், ஒரே பாதையில் நான்கு கம்பிகள். பின்லாந்தின் அகலம் 1524 மில்லிமீட்டர், ஸ்வீடனில் 1435. ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள்.

கடைவீதியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 2006ல் ஹபரண்டாவுக்கு ஐகியா மரச்சாமான் கடை வந்தது. வடக்கு பின்லாந்திலிருந்தும் நார்வேயிலிருந்தும்கூட ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். பின்லாந்தில் விற்கத் தடையுள்ள ஸ்னூஸ் என்ற வாய்ப்புகையிலை ஹபரண்டாவில் சட்டப்படி கிடைக்கும், அதற்கும் கூட்டம்.

எனக்குப் பிடித்தது கண்ணுக்குத் தெரியாத ஏற்பாடுகள். இரண்டு ஊரின் கழிவுநீரும் ஒரே நிலையத்தில் சுத்தமாகிறது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற பள்ளி இருக்கிறது. ஆற்றோரம் ஸ்வீடன் பக்கத்து மக்கள் பேசும் மியாங்கியெலி என்ற மொழியைப் பள்ளியில் பேசக்கூடாது என்று பிள்ளைகளைக் கண்டித்த காலம் ஒன்று உண்டு. 2000ல் ஸ்வீடன் அதைத் தேசியச் சிறுபான்மை மொழியாக ஏற்றது. இரண்டு ஊரும் இப்படி ஒன்றாக வாழ்வதால்தான் 2020ல் கொரோனாவுக்காக இந்தச் சதுக்கத்தில் வேலி போட்டது அவ்வளவு வலித்தது. அந்தப் பக்கம் வேலை, இந்தப் பக்கம் வீடு என்று இருப்பவர்களுக்கு அது வாசலில் போட்ட வேலி. இரு ஊரும் சேர்ந்து எத்தனையோ வருடமாகக் கட்டியதை ஒரு தலைநகரத்து உத்தரவு நிறுத்திவிட முடியும் என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கடைசியாக, ஊரிலிருந்து கொஞ்ச தூரம் வடக்கே குக்கோலா பாய்ச்சல். இந்தப் பெரிய ஆற்றின் குறுக்கே அணையே கிடையாது, அதனால் தண்ணீர் இங்கே முழு வேகத்தில் இறங்குகிறது. நீருக்குள் நீட்டிக் கட்டிய மரப்பாலத்தின் நுனியில் நின்று, நீளமான கம்பு வலையைத் தண்ணீரோட்டத்தோடு ஒரு இழு, மறுபடி தூக்கி மேலே போட்டு ஒரு இழு. சிக்குவது சீகா என்ற வெள்ளை மீன். பிடித்ததை ஊர்க்காரர்கள் பழைய பங்கு முறைப்படி பிரித்துக்கொள்வார்கள். குச்சியில் குத்தி, உப்பு மட்டும் போட்டு, தணலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துச் சுடுகிறார்கள். தோல் மொறுமொறு, உள்ளே வெண்ணெய் மாதிரி. ஜூலைக் கடைசியில் வந்தால் மீன் திருவிழாவே நடக்கும்.

அடுத்த வீடியோவில் இன்னும் மேலே போய், மோபெர்த்துய் குழு முக்கோணம் போட்ட அவாசக்ஸா மலையில் ஏறலாம். இங்கே வருகிற யோசனை இருந்தால் கமெண்டில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ரயில் நேரம் பார்க்கும்போது மட்டும் எந்த நாட்டு நேரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.